சுவரில் ஏறத் தெரியாத பல்லி

போன மாதம் ஒரு பிறந்தநாள் வீட்டில் நாங்கள் ஒரே வயதுக்காரர் ஐந்தாறு பேர் மூலையில் இருந்துகொண்டு, அப்பா அம்மாமாரின் கொலஸ்ட்ரோல் குளிசையைச் சாப்பாட்டுக்கு முன் போடுவதா பின் போடுவதா என்று பெரிய விவாதம் நடத்தினோம். நினைவிருக்கிறதா? அப்போது உங்களில் ஒருவர், இலங்கையில் சண்டை முடிந்த அந்த வசந்தத்தில் எங்கள் எங்கள் வீடுகளில் என்ன நடந்தது என்று கதையைத் திருப்பினார். ஒருவர் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு ரொறன்ரோ யூனிவர்சிட்டி அவெனியூ ஆர்ப்பாட்டத்தில் குளிரில் நின்றதைச் சொன்னார். இன்னொருவர் தங்கள் வீட்டில் ரீவியை நிறுத்தவே இல்லை என்றார். என் முறை வந்தது. "நாங்கள் பல்லி வளர்த்தோம்" என்றேன். எல்லாரும் சிரித்தீர்கள். அந்த நேரம் பார்த்துக் கேக்கும் வந்தது. கேக்கைக் கண்டால் நீங்கள் யாரையாவது கதை முடிக்க விடுவீர்களா? அதனால்தான் எழுதுகிறேன். எழுதும்போது ஒருவரும் குறுக்கே தட்டு நீட்ட முடியாது.

அப்போது எங்கள் வீடு மோர்னிங்சைட்டில். மேலே நாங்கள் மூன்று பேர்: அப்பா, அம்மா, நான். கீழே பேஸ்மன்றில் ஒரு சீனப் பிள்ளை வாடகைக்கு இருந்தார். மிருக வைத்தியருக்கு உதவியாளராவதற்குப் படித்துக்கொண்டிருந்தவர். நான் அவரைப் பேஸ்மன்ற் அக்கா என்றுதான் சொல்வேன். சத்தம் போடமாட்டார். நாங்கள் கருவாடு பொரித்த நாட்களில்கூட ஒரு முறைப்பாடும் சொன்னதில்லை. அப்பா அவருக்கு மனதுக்குள் கோயிலே கட்டி வைத்திருந்தார். அப்படிப்பட்டவர் ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு பின்னேரம் மேலே வந்தார். வடக்கே ஒரு சின்ன ஊரில் பயிற்சி வேலை கிடைத்திருக்கிறது, கோடை முடியத்தான் திரும்புவேன், அதுவரை என் செல்லப் பிராணிகள் இரண்டையும் பார்த்துக்கொள்வீர்களா என்று கேட்டார். வாடகைக்கு இருப்பவரின் அறைக்குள் எட்டிப் பார்ப்பதில்லை என்பது அப்பாவின் கொள்கை. பூனைக்குட்டிகளாக்கும் என்று நினைத்து உடனே தலையாட்டிவிட்டார்.

மேலே வந்தவை இரண்டு கண்ணாடிப் பெட்டிகள். ஒன்றில் பல்லி. மற்றதில் அரணை. இரண்டும் அவுஸ்திரேலிய இனம்.

பல்லி என்றால் நீங்கள் நினைக்கிற வெளிறிய சுவர்ப் பல்லி இல்லை. ஊதா கலந்த மண்ணிறம், உடம்பெல்லாம் மஞ்சள் புள்ளி, கரட் போலத் தடித்து நுனி மெலிந்த வால். இமையில்லாத பெரிய கண்களை நாக்கை நீட்டித் தானே துடைத்துக்கொள்ளும். அதன் விரல் ஒட்டாது, அதனால் கண்ணாடியில் ஏறாது. பகல் முழுக்க ஒரு மண் குகைக்குள் படுத்திருக்கும். சீண்டினால் மட்டும் எழுந்து நின்று, நாய்க்குட்டி போல "வக், வக்" என்று குலைக்கும் என்று அக்கா எனக்குச் சொல்லியிருந்தார். அரணை என் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை நீளம். குட்டைக் கால்கள், பளபளத்த உடம்பு. கோபம் வந்தால் நாக்கை முழுதாக வெளியே விடும். அந்த நாக்கு நல்ல நீலம், பேனா மை குடித்த பிள்ளையின் நாக்கு மாதிரி.

அப்பாவுக்குப் பல்லி என்றால் பயம். பயம் என்றால் கோபிப்பார், "அருவருப்பு" என்று திருத்துவார். அம்மாவின் பயம் அரணைமேல். அரணை நக்கினாலே ஆள் முடிந்தது, ஆனால் அதற்கு மறதி அதிகம், கடிக்க வந்த காரியத்தை மறந்து திரும்பிப் போய்விடும், அதனால்தான் உலகத்தில் இன்னும் சனம் மிஞ்சியிருக்கிறது என்று அவர் உண்மையாகவே நம்பினார்.

"சுவரில ஏறத் தெரியாதது என்ன பல்லி?" என்றார் அம்மா. "ஞாயிற்றுக்கிழமைக்கிடையில உது ரெண்டும் இந்த வீட்டை விட்டுப் போகவேணும். சொல்லிப்போட்டன்."

"ஆரிட்டக் குடுக்கிறது? பிள்ளை பஸ் ஏறிப் போட்டுது" என்றார் அப்பா, பெட்டிக்கு எட்டடி தள்ளி நின்றபடி.

"இதுகள் கனடாவிலயே பிறந்ததுகளாம் அப்பா" என்று நான் பரிந்து பேசினேன்.

"ஓ! உவையள் பிறக்கேக்கையே சிற்றிசன். நான் எத்தினை வருஷம் காத்திருந்தனான்."

இதெல்லாம் பகிடிதான். ஆனால் அந்த வீட்டில் அப்போது ஒரே ஒரு கேள்விதான் உண்மையாக இருந்தது. என் மாமா, அதாவது அம்மாவின் ஒரே தம்பி, வன்னியில் சண்டைக்குள் அகப்பட்டிருந்தார். மாசி மாதம் ஒருமுறை யாருடையதோ போனில் கதைத்தார். பிறகு ஒன்றுமில்லை. அம்மா தெரிந்தவர், தெரியாதவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று எல்லாருக்கும் போன் அடித்துக் கேட்டார். ஊருக்குக் கதைக்க வாங்கிச் சுரண்டி முடித்த ரெலிபோன் காட்டுகள் குசினி மேசை லாச்சிக்குள் நிறைந்து கிடந்தன. அந்தக் காட்டுகளின் வெள்ளித் தூள் அம்மாவின் பெருவிரல் நகத்துக்குள் எப்போதும் இருக்கும். இப்போது அந்தக் காட்டை எந்தக் கடையில் கேட்டாலும் கிடைக்காது. மாமா இருக்கிறாரா இல்லையா? சோறு வடிக்கும்போதும் என் தலையை இழுத்துப் பின்னும்போதும் அம்மா அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார்.

அப்பா ஒரு செல்லப்பிராணிக் கடையைக் கண்டுபிடித்து, சனிக்கிழமை காலை இரண்டு பெட்டிகளையும் கொண்டுபோய்க் கொடுப்பதாக ஒழுங்கு செய்தார். அன்றைக்கும் பக்கத்து வீட்டு அன்ரி வழக்கம்போல எங்கள் வீட்டில் இருந்தார். ரீவிச் செய்தி பார்க்கத் தினமும் வருபவர். தேத்தண்ணி எங்களுடையது, கருத்து அவருடையது. செய்தி பார்த்துக்கொண்டிருந்த அம்மா திடீரென்று, "என்ர தம்பி உயிரோடதான் இருக்கிறான். எனக்குத் தெரியும்" என்றார். சரியாக அந்த நேரம் அப்பா கண்ணை இறுக்கிக்கொண்டு பல்லிப் பெட்டியைத் தூக்கினார். பெட்டி ஆடியது. பல்லி எழுந்து நின்று "வக், வக், வக்" என்றது.

அன்ரி துள்ளி எழும்பினார். "பாத்தீரோ! பல்லியும் சொல்லுது!"

அம்மா குனிந்து, சுட்டுவிரலால் தரையை மூன்று தரம் தட்டினார். பல்லி சொன்னால் நம்மவர்கள் அப்படித்தானே செய்வார்கள். பிறகு குசினிக்குப் போய், தமிழ்க் கடையில் சும்மா கொடுத்த கலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தார். அதன் பின்பக்கத்தில் எந்தக் கிழமையில் எந்தத் திசையில் பல்லி சொன்னால் என்ன பலன் என்று கட்டம் கட்டிப் போட்டிருக்கும். எங்கள் வீட்டுக்குத் திசை தெரியவில்லை. அன்ரிதான் வழி சொன்னார்: லேக் இருக்கிற பக்கம் தெற்கு. அதை வைத்துப் பார்த்தால், பல்லி சொன்ன மூலைக்கு அன்றைய பலன் நல்ல செய்தி.

"அதை அங்கயே வையுங்கோ" என்றார் அம்மா. கடைக் கதை அதோடு முடிந்தது. பல்லியின் புண்ணியத்தில் அரணையும் ஓசியில் தப்பியது.

அடுத்த கிழமைகளில் எங்கள் வீடு எப்படி இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். பல்லிக்கு உயிருள்ள சில்வண்டுகள்தான் சாப்பாடு. காற்றோட்டமான பெட்டியில் வாங்கி வந்து, கல்சியத் தூளில் பிரட்டிப் போடவேண்டும். "எனக்கு முழங்கால் நோகுது, ஒருத்தரும் கல்சியம் தரேல்ல" என்று அப்பா புறுபுறுத்தார். அவர் ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் இரவு வேலை செய்து, விடிய வந்து படுப்பவர். தப்பியோடிய சில்வண்டுகள் அவருடைய கட்டிலுக்குக் கீழே இருந்து கத்தும். காசு கொடுத்து இரைச்சல் வாங்குகிற குடும்பம் ரொறன்ரோவிலேயே நாங்கள்தான் என்பார். பெட்டிக்கு மேலே எரிந்த சிவப்பு விளக்கால் எங்கள் வரவேற்பறை பகலிலும் சாம்பார் நிறத்தில் இருந்தது. சூடான மண்ணும் தேத்தண்ணியும் கலந்த ஒரு மணம். இன்றைக்கும் ஹீட்டர் போட்ட முதல் நாள் அந்த மணம் எனக்கு வரும்.

அரணை ஒருநாள் தப்பிவிட்டது. அப்பா வேலையால் வந்து தூக்கம். நான் வீடெல்லாம் தேடினேன், சொல்லப் பயந்து தனியாகவே தேடினேன். ஹோலில் அம்மா, அன்ரி, இன்னும் மூன்று பேர் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாருடைய கண்ணும் ரீவியில். ரீவிக்குக் கீழே சூடான கேபிள் பெட்டியின்மேல் அரணை வயிற்றைப் பரப்பிப் படுத்திருந்தது. அவ்வளவு பேர் பார்த்துக்கொண்டிருந்தும் ஒருவருக்கும் தெரியவில்லை. அது மெதுவாக நீல நாக்கை நீட்டியது. அன்ரியின் தேத்தண்ணிக் கோப்பை நிலத்தில் விழுந்தது. எல்லாரும் சோபாவில் ஏறி நின்றார்கள். அம்மா மட்டும் ஏறவில்லை. சாகப் போகிறேன் என்ற முகத்தோடு போய், இரண்டு கையாலும் அரணையைத் தூக்கிப் பெட்டிக்குள் விட்டார். அது கடிக்கவில்லை. "மறந்துபோச்சுது" என்று அம்மா சொல்லிவிட்டுச் சிரித்தார். மாசிக்குப் பிறகு அம்மா சிரித்து நான் அப்போதுதான் கண்டேன். அதன்பிறகு அரணைக்குப் பூசணித் துண்டும் அவித்த முட்டையும் வெட்டிப் போடுவது அம்மாவின் வேலையானது. அம்மாவின் காலடிச் சத்தம் கேட்டால் அரணை கண்ணாடிக்குக் கிட்ட வந்து நிற்கும். மறதியெல்லாம் வீண்பழி.

ஆனால் என்னைக் குழப்பியது பல்லிப் பெட்டிதான். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் ஒவ்வொரு நாளும் அது வேறு வேறு மூலையில் இருக்கும். கேட்டால் அப்பா, "அங்க வெயில் படுது பிள்ளை" என்பார். மறுநாள், "அங்க ஹீட்டர்க் காத்து அடிக்குது." இன்னொரு நாள், "ரீவிச் சத்தம் அதுக்குக் கூடாது." அப்பாவுக்கும் பல்லியில் பாசம் வந்துவிட்டது என்று நினைத்தேன். பல்லியும் நாள்தோறும் ஒருமுறை சொன்னது. அம்மா கலண்டரைப் பார்ப்பார். எந்த நாள் பார்த்தாலும் நல்ல பலன். அன்ரியும் தன் மகளின் கலியாணப் பேச்சுக்குப் பலன் கேட்கத் தொடங்கினார்.

ஒருநாள் பள்ளிக்கூடம் அரைநாளோடு விட்டது. திறப்பால் கதவைத் திறந்துகொண்டு நான் உள்ளே வர, ஹோலுக்குள் அப்பாவின் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். தூங்கவேண்டிய மனிதர், சாரத்தோடு, கையில் பனிக்குப் போடுகிற தடித்த கையுறை இரண்டையும் மாட்டிக்கொண்டு, பல்லிப் பெட்டிக்கு முன் முழங்காலில் இருந்தார். ஒரு நீட்டு அகப்பையால் மண் குகையை நெம்பிக்கொண்டிருந்தார். முகத்தை மற்றப் பக்கம் திருப்பியிருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

"சொல்லு ராசா" என்றார் பல்லியிடம். "அவ குசினிக்குள்ள நிக்கிறா. ஒருக்கால் சொல்லு. உனக்குப் புண்ணியமாப் போகும்."

பல்லி குலைத்தது. அப்பா கையுறையோடு பாய்ந்து சோபாவில் விழுந்து, பேப்பரை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டார். அம்மா ஈரக்கையோடு வந்து, குனிந்து தரையைத் தட்டிவிட்டு, சோபாவை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார். நான் சத்தமில்லாமல் வெளியே போய், கதவைச் சாத்தி, மணியை அடித்தேன்.

எங்கள் வீட்டில் பெரியவர்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று அப்போது நினைத்தேன். பத்து வயதில் வேறென்ன நினைப்பது? ஆனாலும் அதை ஒருவரிடமும் சொல்லவில்லை.

மே மாதம் வந்தது. சண்டை முடிந்துவிட்டது என்று ரீவி சொன்ன நாள் உங்களுக்கும் நினைவிருக்கும். அப்பா இரவு வேலை முடிந்து வீட்டுக்கு வராமல் நேரே நகரத்துக்குப் போய், சனத்தோடு சனமாக நின்றுவிட்டு மத்தியானம்தான் வந்தார். வந்தவர் பெட்டியை மாற்றாமல் மேலே போய்ப் படுத்துவிட்டார். மனம் பதறினால் அம்மாவுக்கு வீடு துப்புரவாக்க வேண்டும். அன்று காலை வாக்யூம் பிடித்தபோது பல்லிப் பெட்டியைத் தள்ளி, லேக் பக்கத்து மூலையில் விட்டிருந்தார். பின்னேரம் அன்ரி அழுத கண்ணோடு வந்தார். வந்தவர் தன் பெரிய கைப்பையைத் தொப்பென்று பெட்டி மூடிமேல் வைத்தார்.

"வக், வக், வக்."

அன்ரிக்கு வாயும் சும்மா இராது, கையும் சும்மா இராது. கலண்டரைத் திருப்பி விரலை ஓட்டினார். "இண்டைக்குத் தெற்கெண்டால்..." என்று தொடங்கி நிறுத்திவிட்டார்.

"வாசியுங்கோ" என்றார் அம்மா.

"விடும். உதெல்லாம் ஆர் நம்பினது?"

"வாசியுங்கோ அன்ரி."

"இழவு எண்டு போட்டிருக்கு."

அம்மா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். விரலால் தட்டக்கூட இல்லை. எனக்கு அழுகை வந்தது. நான் மேலே ஓடிப்போய் அப்பாவை உலுப்பி எழுப்பினேன். என்ன நடந்தது என்று சொல்லி முடிக்கமுன் அவர் சாரத்தைக் கட்டியபடி படியிறங்கிவிட்டார்.

"இஞ்ச பாரும்" என்றார் அம்மாவிடம். "அது சும்மா குலைக்கிற சாமான். ஆரும் நோண்டினால் குலைக்கும். அவ்வளவுதான்."

அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. "இவ்வளவு நாளும் நல்லதெல்லோ சொன்னது."

அப்பா தொண்டையைச் செருமினார். அந்த மனிதரின் முகத்தை நான் இன்றும் மறக்கவில்லை. கெட்ட சகுனத்தைப் பொய்யாக்க வேண்டுமானால் நல்ல சகுனங்கள் எல்லாவற்றையும் பொய்யாக்க வேண்டும். அவருக்கு வேறு வழியில்லை.

"இவ்வளவு நாளும் சொன்னது பல்லியில்லை. நான்தான் கலண்டரைப் பாத்துப் பெட்டியை மாத்தி வச்சு, அகப்பையால நோண்டினனான்."

அன்ரிக்குத்தான் முதலில் உயிர் வந்தது. "அப்ப என்ர மகளின்ர கலியாணத்துக்குச் சொன்னதும் நீங்களோ?"

"அது நானில்லை. அண்டைக்கு நான் ஓவர்டைம்."

அம்மாவின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். நிமிர்ந்தபோது பார்த்தால் அழுகையும் சிரிப்பும் இரண்டும் இருந்தன.

"எனக்குத் தெரியும்" என்றார்.

"எப்ப தொடக்கம்?" என்றார் அப்பா.

"முதல் கிழமையே. மழை பெய்யிற நாளில வெயில் படுதெண்டு தூக்கிக்கொண்டு திரிஞ்சனீங்கள்."

"பிறகேனப்பா விழுந்து விழுந்து தரையைத் தட்டினனீர்?"

அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டார். "பல்லியைக் கண்டால் கட்டில்ல ஏறுற மனுசன், நித்திரையும் கொள்ளாமல், எனக்காக உதைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார். அதைப் பாத்துத்தான் எனக்கு ஒவ்வொரு நாளும் போச்சுது."

அப்பா பல்லிப் பெட்டியைத் தூக்கப் போனார். "விடுங்கோ, இருக்கிற இடத்தில இருக்கட்டும்" என்றார் அம்மா. அதற்குப் பிறகு அந்தப் பெட்டி அந்த மூலையை விட்டு அசையவில்லை. அன்ரி இரண்டு நாள் கோபத்தில் வராமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் ஒரு பை முறுக்கோடு வந்தார். மகளின் கலியாணமும் பின்னர் ஒப்பேறியது. பல்லி சொன்னது பலித்தது என்று அவர் இன்றும் சொல்லித் திரிகிறார்.

பேஸ்மன்ற் அக்கா கோடை முடிய வந்தார். அரணையைத் தரமாட்டேன் என்று அம்மா தெரிந்த ஆங்கிலத்தில் ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். இரண்டும் மேலேயே இருந்தன, அவர்தான் பின்னேரங்களில் ஏறி வந்து பார்த்துவிட்டு, சோறும் சாப்பிட்டுவிட்டுப் போவார். அரணை நான் பல்கலைக்கழகம் போகும்வரை பூசணி தின்று வாழ்ந்தது. பல்லிப் பெட்டியில் இப்போது அப்பா தக்காளி நாற்று வைக்கிறார். பல்லியைப் பற்றிக் கேட்டால், "அருவருப்பு" என்கிறார்.

ஆனால் நான் சொல்ல வந்தது ஆனி மாதத்து ஒரு காலையைப் பற்றி. அப்பா வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தார். போன் அடித்தது. தெரியாத, நீளமான இலக்கம். அம்மா குசினிக்குள் இருந்து ஓடிவந்து, பல்லிப் பெட்டியில் முழங்காலை இடித்துக்கொண்டு விழப்பார்த்து, போனை எடுத்து ஸ்பீக்கரை அழுத்தினார்.

"அக்கா" என்றது ஒரு குரல். "நான்தான். முகாமில இருக்கிறன். காலிலதான் காயம், நடக்கிறன்."

அம்மா அப்படியே பெட்டிக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். இடிபட்ட கோபத்தில் பல்லி எழுந்து நின்று குலைத்தது.

"மச்சான்! சொல்லும், சொல்லும்!" என்று அப்பா ஒற்றைச் சப்பாத்தோடு ஓடிவந்தார்.

"அத்தான், என்ன, நாய் வளக்கிறியளோ?"

"நாயில்லை மச்சான். பல்லி."

மறுமுனையில் சனங்களின் இரைச்சல் கேட்டது. பிறகு மாமா, எங்களைவிட அவர்தான் பயந்துபோயிருந்தவர் போல, மெல்லக் கேட்டார்:

"எந்தப் பக்கம் சொல்லுது?"

அப்பா பெட்டியைப் பார்த்தார். லேக் பக்கத்து மூலை, அன்ரி இழவு என்று வாசித்த அதே மூலை. இத்தனை கிழமை புளுகித் தள்ளிய மனிதருக்கு அந்த நேரம் ஒரு சொல் வரவில்லை. அம்மா குனிந்து தரையைத் தட்டினார்.

"நல்ல பக்கம்தானடா" என்றார்.